பதினெட்டாம் அத்தியாயத்தில் ஒரு நாய்

அக்டோபர் 22, புதன்

மூட்டம். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, வெள்ளைதான். தீபாவளிக் கூட்டம் மலையிறங்கிப் போயாச்சு. ஏரியைச் சுற்றிச் சோளக்கதிர்த் தண்டாகக் கிடக்கிறதாம், பால்காரம்மா சொன்னாள்.

வெள்ளனே எழுந்தது. கட்டங்காப்பி. மூன்று பக்கம். ஒன்றரை தேறும்.

தொடர்கதையில் அத். 19 நேற்றே அனுப்பியாச்சு. கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, பத்திரிகை ஆபீஸுக்கு வாட்ஸப். வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்னால் தண்ணித் தொட்டி மேல் ஏறி நின்றால் மூன்று கோடு வரும். இந்த வயதில் ஸ்வெட்டரும் மங்கி கேப்புமாகத் தொட்டி மேல் நின்று இலக்கியம் வளர்க்கிறேன். செவ்வாய்க்கிழமை அனுப்புவது அதற்கடுத்த வார வெள்ளிக்கிழமை இதழில் வரும். நாளை மறுநாள் வரப்போவது 18.

19-இல் செண்பகம் வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். திருப்பூருக்குக் காலை பஸ். அழுகை, கூப்பாடு எதுவும் வைக்கவில்லை. புருஷன் பழனிச்சாமி காப்பித் தோட்டத்தில் நின்று பஸ் திரும்புகிற சத்தத்தைக் கேட்கிறான், அவ்வளவுதான். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு.

வசனத்தைச் சத்தமாகப் பேசிப் பார்த்துத்தான் எழுதுவேன். பால்காரம்மா வாசலில் நின்று, "யாருக்கா உள்ள? ஆம்பளைக் குரலு கேக்குது?" ஆம்பளைக் குரலும் நான்தான். ரேடியோ என்றேன். நம்பவில்லை.

மாலை லூர்துவோடு நடை. டீச்சர் வேலையை விட்டு வரும்போது பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து லூர்துதான். ஹாஸ்டல் மேட்ரன். சாயங்காலம் கொஞ்ச நேரம் அவிழ்த்துவிடுவார்கள், என்னோடு நடந்துவிட்டு வில்பட்டிக்கு வீடு போய்ச் சேருவாள்.

இன்று முகம் ஒரு மாதிரி. கோயம்புத்தூர் ஹாஸ்டல் வேலை உறுதியாகிவிட்டதாம். நவம்பர் மூன்று சேரணும். வீட்டுக்காரர் ஆரோக்கியத்திடம் இன்னும் மூச்சு விடவில்லை.

"கல்லறைத் திருநாள் முடியட்டும்க்கா. மாமியார் கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூ வச்சு, மெழுகுவர்த்தி ஏத்திட்டு அன்னைக்குச் சாயங்காலமே சொல்லிருவேன். சண்டை கிண்டை இல்லாம. இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை நேரா மூஞ்சியப் பாத்து. நானே சொல்லணும்க்கா. வேற யாரு வாயாலயும் அவரு கேக்கக் கூடாது."

அடிக்கிற புருஷன் இல்லை, குடிக்கிற புருஷன் இல்லை. பேசாத புருஷன். அதற்காக ஒருத்தி ஐம்பது வயதில் கிளம்புகிறாள் என்றால் ஊர் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நானே சொல்லணும்." நல்ல வரி. 20-இல் வைக்கலாம்.

வாங்க: மலைப்பூண்டு, தீப்பெட்டி, ரூல் போட்ட தாள், முட்டி வலித் தைலம்.

அக்டோபர் 23, வியாழன்

கேஸ் தீர்ந்தது. இண்டக்‌ஷன் அடுப்பில் இட்லி. இட்லி மாதிரிதான் இருந்தது.

இரண்டு பக்கம். மத்தியானம் தூக்கம். எழுந்தபோது செண்பகம் திருப்பூரில் என்ன சாப்பிடுவாள் என்ற கவலை. எனக்கு ரசம் வைக்க மறந்துபோச்சு.

அக்டோபர் 24, வெள்ளி

காலையில் வெயில், பத்து மணிக்கு மேகம் இறங்கிவிட்டது. பஜார். காதர் பாய் கடை. வார இதழ், தைலம், டீத்தூள், சாக்லேட் எல்லாம் ஒரே இடத்தில். வெள்ளிக்கிழமை அவர் எனக்கு முன்னால் படித்துவிடுவார், அப்புறம்தான் விற்பனை.

"மேடம், இந்த வாரம் கலெக்டர் கலக்கிட்டாப்ல!"

சிரித்தேன். பாராட்டு வந்தால் சிரிப்பதுதானே.

"நம்ம வில்பட்டி ஆரோக்கியம் வீட்டு நாய்தான மேடம் அது? காலைல இருந்து வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. அப்ப அந்தம்மா... நம்ம ஹாஸ்டல் மேட்ரன்..." சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். "தைலம் சின்னதா, பெருசா மேடம்?"

பெரியது வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சின்னது போதும்.

தலைகீழாக யோசித்துப் பார்க்கிறேன். நான் மாற்றியது:

வில்பட்டியை ஆடலூராக்கினேன்.
கேரட், பீன்ஸைக் காப்பி, மிளகாக்கினேன்.
வேதக்காரக் குடும்பத்தை முருகனுக்குக் காவடி எடுக்க வைத்தேன்.
ஹாஸ்டல் மேட்ரனை அங்கன்வாடியில் உட்கார வைத்தேன்.
சென்னையில் இருக்கிற ஒரே மகனை, கட்டிக்கொடுத்த இரண்டு மகளாக்கினேன்.
ஒல்லி ஆரோக்கியத்துக்குத் தொந்தி போட்டேன்.

மாற்றாதது: நாய்.

ஆரோக்கியம் லூர்துவிடம் பேசுவது நாய் வழியாகத்தான். லூர்து எப்போதோ நடையில் சிரித்துக்கொண்டே சொன்னது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, நாயைப் பார்த்து, "கலெக்டர், உங்கம்மாகிட்டச் சொல்லு, கொழம்புல உப்பு சரியா இருக்குன்னு." அந்தக் குடும்பத்தை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே அந்த உப்பில்தான். பதினேழு அத்தியாயம் வரை 'நாய்', 'நாய்' என்றே ஓட்டிவிட்டேன். 18-இல் பழனிச்சாமி கூப்பிட்டே ஆகவேண்டும். மணி போட்டுப் பார்த்தேன். டைகர், கருப்பன், ராஜா எல்லாம் போட்டுப் பார்த்தேன். "மணி, உங்கம்மாகிட்டச் சொல்லு" — வாக்கியம் படுத்துக்கொண்டது. "கலெக்டர், உங்கம்மாகிட்டச் சொல்லு" — எழுந்து உட்கார்ந்தது. விட்டுவிட்டேன்.

ரோடு பார்க்கக் கலெக்டர் வந்த அன்று ஓடையோரம் கிடைத்த குட்டி, அதனால் அந்தப் பேர். இந்த மலையில் அந்தப் பேரில் இன்னொரு நாய் கிடையாது. இருக்கிறது என்று சாதிக்கவும் முடியாது.

18-இல் இருப்பது வெறும் நாய் இல்லை. பேசாத புருஷன் இருக்கிறான். அவனிடம் சொல்லாமல் திருப்பூரில் வேலை தேடிக்கொண்ட பெண்டாட்டி இருக்கிறாள். கடைத்தெருவுக்குத் தெரிந்துபோனது. ஆரோக்கியத்துக்குத் தெரியாது. லூர்துவுக்கும் தெரியாது, அவள் வார இதழ் படிக்கிற ஆள் இல்லை.

போன் பண்ணணும். தொட்டி மேல் ஏறினேன். மூன்று கோடு. லூர்து பேரை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். மேகம் மூடியது, இறங்கிவிட்டேன். சிக்னல் இருந்தது. இதில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது.

இன்றைக்கு உள்ள பக்கம் இன்னும் எழுதவில்லை.

அக்டோபர் 25, சனி

காட்டுமாடு. ஒன்று பெரியது, கூடவே கன்று. சௌசௌக் கொடி மொத்தமும் போச்சு. வாசலிலேயே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன, வெளியே போக வழியில்லை. லூர்து வீட்டுக்குப் போகாமல் இருக்க நல்ல காரணம். மத்தியானம் அதுகள் எழுந்து போய்விட்டன. நான் போகவில்லை.

நாலு பக்கம். சமீபத்தில் எழுதியதில் இதுதான் உருப்படி. வெட்கமாக இருக்கிறது. பக்கம் நன்றாக இருக்கிறது. இரண்டும் உண்மை.

வேலியோரம் கேரட் கழுவப் போகிற பெண்கள் இரண்டு பேர்.

"அந்தப் பொம்பளை போயிருவாளாம்ல?"

"யாரு, கதையிலயா?"

"கதையிலயுந்தான்."

மாலை நடைக்கு லூர்து வரவில்லை. சனிக்கிழமை சில சமயம் வரமாட்டாள். அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 26, ஞாயிறு

தூறல். லூர்து பூசை முடிந்து நேராக இங்கே. குடையை மடக்காமல் வாசற்படியிலேயே நின்றாள். உட்காரு என்றேன். உட்காரவில்லை.

"ஹாஸ்டல் சமையக்காரம்மா வாசிச்சுக் காட்டுனா. நேத்து. பிள்ளைங்க பூராம் சுத்தி நின்னுச்சு."

நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"எல்லாத்தையும் மாத்தியிருக்க. எங்க சாமியக்கூட மாத்திட்ட. ஒரு நாய் பேரை மாத்த முடியலையா உனக்கு?"

இத்தனை வருஷத்தில் அவள் என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. பொருத்தமாகத்தான் இருந்தது.

"மாத்திப் பாத்தேன் லூர்து. சரியா வரல."

வாயில் வந்துவிட்டது. உண்மையும் அதுதான்.

"சரியா வரல," என்று திருப்பிச் சொன்னாள்.

அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"முடி வெட்டப் போன எடத்துல எவனோ படிச்சுக் காட்டிருக்கான். வந்ததுல இருந்து நாயக்கூடக் கூப்பிடல. முன்னயாவது அதுகிட்டப் பேசுறது என் காதுல விழும். இப்ப அதுவும் இல்ல. வீட்டுல சத்தமே இல்லக்கா." கோபத்திலும் அக்கா வந்துவிட்டது. அதுதான் தாங்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம நேரா நின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னு இருந்தேன். அந்த ஒரு வார்த்தைய நீ சொல்லிட்ட. அதுவும் ஊருக்கே."

மன்னிப்புக் கேட்டேன். காதில் வாங்கிய மாதிரி தெரியவில்லை.

"அடுத்த வாரம் என்ன வருது?"

"அவ கெளம்பிப் போறா."

"அப்ப நான் போறதுக்கு முன்னாடியே நான் போயிட்டேன்." குடையைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டாள். காப்பி போட்டு வைத்தது ஆறிக் கிடந்தது, நானே குடித்தேன்.

அவள் கேட் தாண்டுவதற்குள், கையில் இருந்த தாளில் 'வீட்டுல சத்தமே இல்ல' என்று எழுதியிருக்கிறேன். எழுதினது ஞாபகமே இல்லை. என்ன ஜென்மம் நான்.

அக்டோபர் 27, திங்கள்

பக்கம் இல்லை. முதல் வேலையாகத் தொட்டி மேல் ஏறி ஆபீஸுக்குப் போன். தொடரைப் பார்த்துக்கொள்கிற உதவி ஆசிரியர், நல்ல பையன், எல்லாவற்றுக்கும் சந்தோஷப்படுவான்.

"மேடம், 19 பிரமாதம்! நாய்க்குத் தனியா ஃபேன்ஸ் இருக்காங்க மேடம். ஆர்ட்டிஸ்ட் சார் நாயைப் பெருசா போட்டிருக்காரு. பஸ் பின்னாடி ஓடுற மாதிரி."

"பஸ் பின்னாடி நாய் ஓடுறதா நான் எழுதலையே தம்பி."

"எமோஷனா இருக்கும் மேடம்."

19-ஐ நிறுத்த முடியுமா என்று கேட்டேன். நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன், அவ்வளவு அமைதி. பக்கம் போட்டாச்சு, நாளைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகிறது, வேறு மேட்டர் கையில் இல்லை, ஆசிரியர் திட்டுவார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

19-இல் மட்டும் நாயை மணி என்று மாற்றினால்? இன்னும் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் நாய்க்குப் பேர் மாற்றிய எழுத்தாளி.

தொடர் எழுத ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு வாரம் விட்டதில்லை. மஞ்சள்காமாலையில் படுத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். அப்பா போன வாரம்கூட எழுதி அனுப்பிவிட்டுத்தான் திண்டுக்கல் பஸ் ஏறினேன். இதைப் பெருமையாக எல்லா மேடையிலும் சொல்வேன். இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

கேஸ் வந்துவிட்டது. இட்லி மாவு புளித்துப்போச்சு. தோசை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆரோக்கியம் வந்தார். நாயோடு.

காலை, நல்ல மூட்டம். கேட்டுச் சத்தம் கேட்டுப் பார்த்தால் முதலில் தெரிந்தது நாய்தான். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது. எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவைகூட நான் அதைச் சரியாகப் பார்த்ததில்லை, எல்லாம் லூர்து சொன்னது. கேட்டுக் கேள்வி இல்லாமல் உள்ளே வந்து ஹீட்டர் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அவர் செருப்பை வெளியே விட்டு, பை நிறைய பீன்ஸை நிலையோரம் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். சண்டை போட வந்தவர் காய் கொண்டுவரமாட்டார் என்று கொஞ்சம் தைரியம். கையில் சுருட்டிய வார இதழ்கள், ஒரு கட்டு.

கட்டைப் பிரித்தார், மறுபடி சுருட்டினார். அப்புறம் நாயைப் பார்த்துக் கேட்டார்: "கலெக்டர், டீச்சர்கிட்டக் கேளு, அடுத்த வாரம் அந்தப் பொம்பளை போயிருதான்னு."

நானும் நாயைப் பார்த்தே பதில் சொல்லப் போனேன்! வாய் திறந்துவிட்டேன். எவ்வளவு வசதி என்று அப்போதுதான் தெரிந்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டது.

"என்னையவே கேளுங்க," என்றேன்.

தலையைத் தூக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "மொதல்ல இருந்து படிச்சேன் டீச்சர். பாய்கிட்டப் பழைய புக்கெல்லாம் கேட்டு வாங்கி."

"கோவமா?"

"கோவம்..." யோசித்தார். "அந்தப் பழனிச்சாமி ஏன் பேச மாட்டேங்குறான்னு நீங்க எழுதவே இல்லையே."

"எனக்குத் தெரியாதுங்களே."

"எனக்கும் தெரியல."

பிறகு அவரே: "எங்கம்மா இருந்தவரைக்கும் அம்மா முன்னாடி பொண்டாட்டிகிட்ட என்னத்தப் பேசுறது? கூச்சம். எங்க வீட்டுல யாரும் பேசுனதில்ல. அப்ப நாய்கிட்டச் சொல்றது. அம்மாவும் சிரிக்கும். அப்புறம் அம்மா போயிருச்சு. பழக்கம் போகல. இப்ப அவ மூஞ்சியப் பாத்தா வார்த்தை தொண்டையிலயே நிக்குது."

அவள் போவது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. அதற்கும் அவரே: "அலமாரிக்கு மேல இருந்த பெட்டி கீழ எறங்கியிருக்கு. தூசி தொடச்சிருக்கு."

எழுந்தார். உட்கார்ந்தார். "நீங்க வசனம் எழுதுறவங்க. எனக்கு ஒரு நாலு வரி எழுதிக் குடுங்க டீச்சர். மனப்பாடம் பண்ணிக்கிடுறேன்."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உடனே நிறுத்திக்கொண்டேன்.

"என்ன சொல்லணும்? போகாதன்னா?"

"அதத்தான் உங்களைக் கேக்குறேன்." செருப்பை மாட்டும்போது, "வெரசா குடுங்க. நாளன்னைக்கு வாறேன்."

அவர் போனதும் தொட்டி. ஆபீஸ். 19 வேண்டாம், நிறுத்து என்றேன். பையன் கெஞ்சினான். நான் அசையவில்லை. கடைசியில், "அப்ப கதாசிரியருக்கு உடல்நலம் சரியில்லைன்னு ஒரு பாக்ஸ் போட்டுரலாமா மேடம்?"

"போட்டுரு."

தமிழ்நாட்டில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு வேறு எந்தக் காரணத்தாலும் அத்தியாயம் நின்றுபோவதில்லை. உடம்பு மட்டும்தான்.

அக்டோபர் 29, புதன்

காலையிலிருந்து ஆரோக்கியத்துக்கு வசனம்.

'லூர்து, போகாத.' இது உத்தரவு. இத்தனை வருஷம் பேசாதவன் வாயைத் திறந்ததும் உத்தரவா?

'நீ போறதா இருந்தா போ, ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.' நியாயம் பேசுகிறான். போயும் போயும் இவனுக்கு நியாயமா.

'உன்கிட்டப் பேசாம இருந்தாலும் உன்னைப் பத்தியே நெனச்சுக்கிட்டிருந்தேன்.' சீ. இதைப் படித்தால் நாயே எழுந்து போய்விடும்.

'எனக்குப் பேசத் தெரியல.' இது பரவாயில்லை. ஆனால் பேசத் தெரியவில்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொன்னால் அவள் நம்பமாட்டாள்.

எத்தனை நாவலில் எத்தனை ஆம்பளைகளைப் பேச வைத்திருக்கிறேன். காதலைச் சொல்ல, சொத்தைப் பிரிக்க, சாகக் கிடக்கும்போது மகனைக் கூப்பிட. வாசகர்கள் போன் பண்ணி அழுதிருக்கிறார்கள். உண்மையான ஒரு மனுஷனுக்கு நாலு வரி கேட்டால் நாள் பூராவும் போச்சு.

அவள் இருக்கணுமா, போகணுமா? அது என் சோலி இல்லை. ஆனால் போய்விட்டால் சாயங்காலம் நான் யாரோடு நடப்பேன்? இந்த ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? இதுவரை நினைக்கவே இல்லை. பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஒரு வழியாக நாலு வரி தேறியது. நல்ல தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 30, வியாழன்

மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. எங்கோ மரம் சாய்ந்திருக்கிறதாம்.

ஆரோக்கியம் வரவில்லை. மழையாக இருக்கும். மழை விட்ட பிறகும் வரவில்லை. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்றால் லூர்து இருப்பாள். தாளை மடித்து வைத்தேன், விரித்தேன், ஒரு கமாவை எடுத்தேன். மேலும் மேலும் நன்றாகிக்கொண்டே போகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

பீன்ஸ் பொரியல். நல்ல பிஞ்சு.

அக்டோபர் 31, வெள்ளி

பஜாருக்குப் போயிருக்கக் கூடாது. பெட்டிச் செய்தி வந்துவிட்டது: 'கதாசிரியரின் உடல்நலக் குறைவால் இந்த வாரம் தொடர் இடம்பெறவில்லை.'

"என்ன மேடம், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் இருக்கேன்ல?" பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டார். வீட்டிலிருந்து சுக்குமல்லிக் காப்பி பிளாஸ்க்கில் வந்தது. மருந்துக்கடைக்காரர் இறங்கி வந்து, சுகரா பிரஷரா என்றார். டாக்ஸி ஸ்டாண்டிலிருந்து ஒருத்தர், "மதுரைக்குப் போகணும்னா சொல்லுங்க மேடம், நேரம் காலம் பாக்காதீங்க." இத்தனை பேர் என்னைப் படிக்கிறார்கள் என்பது காய்ச்சல் வந்தால்தான் தெரிகிறது. அதுவும் வராத காய்ச்சல்.

யாரும் நாயைப் பற்றிப் பேசவில்லை. என் உடம்புதான் பேச்சு. லூர்துவுக்கு அவ்வளவாவது மிச்சம்.

கூட்டம் விலகிய பிறகு பாய் தணிந்த குரலில், "ஆரோக்கியம் வெள்ளனே வந்தாப்ல. புக்கை வாங்கிப் புரட்டிப் பாத்தாரு. கதை இல்லன்னதும் என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டுப் போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"'இல்லையா'ன்னாரு. அவ்வளவுதான்."

தாள் வீட்டில் மேசையில் கிடக்கிறது. வாங்க வரவே இல்லை.

நவம்பர் 1, சனி

இரண்டு பக்கம். இரண்டையும் அடித்துப் போட்டாச்சு. நடை, தனியாக. சீக்கிரம் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். மத்தியானத்துக்கு மேல் வானம் விட்டது. கல்லறைத் தோட்டம் வழியாகத்தான் போனேன். வேறு வழியும் உண்டு.

நல்ல கூட்டம். சுண்ணாம்பு வாடை, செவ்வந்தி, மெழுகு. ஆளுக்கொரு கல்லறையைத் துடைத்துக்கொண்டு, சொந்தக்காரர்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டு. மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பக்கக் கோடியில் அவர்கள் இரண்டு பேர். லூர்து குத்தவைத்து, மாமியார் கல்லறை மேல் பூவைச் சிலுவை மாதிரி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம் எதிரே முழங்காலில், மெழுகுவர்த்திக்குக் காற்றை மறைத்துக் கையைக் குவித்துக்கொண்டு. நாய் அங்கே இல்லை. எங்கேயும் காணோம்.

அவர் வாய் அசைந்தது. ஜெபமாக இருக்கும் என்று நினைத்தேன். ஜெபத்துக்கு யாரும் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதில்லை.

லூர்துவின் கை பூவோடு நின்றுவிட்டது.

நான் மதிலோரமாக இரண்டடி முன்னால் போனேன். ஒட்டுக்கேட்க. ஐம்பத்தேழு வயது, நரைத்த தலை, கையில் குடை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்கும். பக்கத்தில் யாரோ, "உடம்பு தேவலையா டீச்சர்?" என்றார்கள். தேவலை என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்துவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

லூர்து வந்தாள், பஸ்ஸுக்குப் போகிற வழியில். ரோட்டில் ஜீப் நின்றது. ஆரோக்கியம் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"போறேன்க்கா."

"போறியா?"

"போறேன். வேலைக்குச் சேர்றேன்னு சொன்னது சொன்னதுதான். கேரட் எடுத்ததும் இவரு வர்றாராம். கோயம்புத்தூருக்கு. மலையிறங்கி எங்கயும் போனதில்ல, பஸ்ஸுல வாந்தி எடுப்பாரு. வரட்டும், பாப்போம்." அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. தூங்காத முகம். ஆனால் நன்றாக இருந்தாள்.

"பேசினாரா?"

"பேசுனாரு. நேத்து. அவங்கம்மா முன்னாடி வச்சே."

எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. நேற்று அத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள் நான்.

"என்ன சொன்னாரு?"

லூர்து என் கையைப் பிடித்தாள். சிரித்தாள். "சொல்ல மாட்டேன்க்கா. நீங்க எழுதிருவீங்க."

ஹாரன் அடித்தார்கள். ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

மேசை. மடித்து வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டாச்சு. 19-ஐ மாற்றி எழுதணும். செண்பகம் போவதற்கு முன்னால் பழனிச்சாமி பேசுகிறான். காலையிலிருந்து நாலு விதமாக எழுதிப் பார்த்தாச்சு. நாலும் நன்றாக இருக்கிறது. நாலிலும் பேசுவது நான்தான்.

நாளைக்குச் செவ்வாய்.